பள்ளிக் களப்பயணம்: குழந்தை எதைக் கற்கிறது, எதனால் கற்காமல் போகிறது

அதிகாலை 5 மணிக்குப் பேருந்து. 9 மணிக்கு மாமல்லபுரம், 11 மணிக்கு முதலைப் பண்ணை, முட்டுக்காட்டில் மதியச் சாப்பாடு, மாலை வரை பொழுதுபோக்குப் பூங்கா. இரவு 10 மணிக்குப் பள்ளி வாசலில் பெற்றோர் காத்திருப்பார்கள். ‘கல்விச் சுற்றுலா’ என்ற பெயரில் தமிழ்நாட்டின் பல பள்ளிகளில் நடப்பது ஏறக்குறைய இதுதான். இதில் தப்பு ஒன்றும் இல்லை. கூட்டாளிகளோடு ஒரு நாள் ஊர் சுற்றுவது பிள்ளைகளுக்கு வேண்டியதுதான். ஆனால் இதைக் களப்பயணம் என்று சொல்ல முடியாது. வகுப்பில் உட்கார்ந்து பதில் கண்டுபிடிக்க முடியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, பதில் இருக்கும் இடத்துக்கே போவதுதான் களப்பயணம். அந்த இடம் எண்பது கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம், பள்ளிக்குப் பின்னால் உள்ள ஏரிக்கரையாகவும் இருக்கலாம்.

இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ‘ஒரு நாள் பாடம் போச்சு’ என்று சிலரும், ‘எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் பிள்ளைகள் எதையாவது கற்றுக்கொள்வார்கள்’ என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். இரண்டும் சரியல்ல.

நேரில் பார்த்தால் என்ன கிடைக்கும்?

நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்வோம். அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும் பறவை. ‘நத்தையைப் பிடித்து உண்பதற்கு ஏற்ற அலகு’ என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும், பக்கத்தில் சின்னதாக ஒரு படம். தேர்வுக்கு அது போதும். வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தின் ஏரிக்கரையில் நின்று ஒரே கூட்டை அரை மணி நேரம் பார்க்கும் பிள்ளைக்கு வேறொன்று தெரியவரும்: குஞ்சுகளின் அலகில் அந்த இடைவெளி இல்லை. வளர வளரத்தான் அது உண்டாகிறது. அப்படியானால் குஞ்சு எப்படித் தின்னும்? இந்தக் கேள்வியை ஆசிரியர் கேட்க வேண்டியதில்லை, பிள்ளையே கேட்கும். தாயோ தந்தையோ பறந்து வந்து இறங்கி, கொண்டுவந்த இரையைக் கூட்டிலேயே கக்குவதைப் பார்த்துவிட்டால் பதிலும் அங்கேயே கிடைத்துவிடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை முழுவதையும் படத்தில் அடைக்க முடியாது.

அளவு, தூரம், சத்தம், நாற்றம், காத்திருப்பு எல்லாம் இப்படித்தான். பறவை எச்சத்தின் நெடி மூக்கில் ஏறிய பிறகு, ஏரித் தண்ணீரில் உரச்சத்து சேர்கிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மாமல்லபுரத்தில் பாறையைப் பிளக்க வரிசையாக வெட்டிய ஆப்புக் குழிகளை விரலால் தொட்டுப் பார்த்த பிள்ளை, ‘பல்லவர்கள் கோயில் கட்டினார்கள்’ என்ற வாக்கியத்தை அதன்பின் வேறு மாதிரிதான் படிக்கும். முடியாமல் நின்றுபோன ரதங்களும் அங்கே இருக்கின்றன. வேலை மேலிருந்து கீழே போயிருக்கிறது என்பதை அவற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இது வெறும் அபிப்பிராயம் அல்ல. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011-ல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற ஓவிய அருங்காட்சியகம் திறந்தபோது, வர விரும்பிய பள்ளிகள் இடத்துக்கு மேல் வரிசையில் நின்றன. யாரை முதலில் விடுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஆய்வாளர்களுக்கு அது நல்ல வாய்ப்பாகிவிட்டது: போய் வந்தவர்கள் ஒரு பக்கம், இன்னும் போகாதவர்கள் மறு பக்கம். 123 பள்ளிகளில் சுமார் 11,000 மாணவர்களிடம் கேட்டு 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். அடிமைமுறையை எதிர்த்தவர்கள், அடிமை உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரைக்குப் பதிலாக மேப்பிள் மரப்பாகு காய்ச்சும் காட்சி ஒரு ஓவியத்தில் இருந்தது. பல வாரம் கழித்துக் கேட்டபோதும் அந்த ஓவியத்தைப் பார்த்தவர்களில் 88 விழுக்காட்டினர் அந்தச் செய்தியைச் சரியாகச் சொன்னார்கள். இத்தனைக்கும் அதை மனப்பாடம் செய்யச் சொன்னவரும் இல்லை, தேர்வு வரும் என்று மிரட்டியவரும் இல்லை. புதிய ஓவியம் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னபோது, போய் வந்தவர்கள் அதை இன்னும் கூர்ந்து கவனித்து எழுதினார்கள். கிராமப்புறப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் கிடைத்த பலன் மற்றவர்களைவிட அதிகம். வீட்டில் கூட்டிப்போக ஆள் இருக்கும் பிள்ளை எப்படியும் ஒரு நாள் போய்விடும். மற்ற பிள்ளைக்குப் பள்ளிதான் வழி.

புதிய இடமே கவனத்தைத் தின்னும்

பிறகு ஏன் பல பயணங்கள் வீணாகின்றன? காரணம் ரொம்பக் காலமாகத் தெரிந்ததுதான். ஜான் பால்க் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1978-ல் இதை எழுதினார்கள். மரங்கள் அடர்ந்த இடத்துக்குப் பழகிய பிள்ளைகளையும் பழகாத பிள்ளைகளையும் அப்படி ஓர் இடத்தில் விட்டு ஒரே பாடத்தை நடத்தினார்கள். பழகிய பிள்ளைகள் பாடத்தைக் கற்றார்கள். பழகாதவர்களின் மூளை அந்த இடத்தைப் புரிந்துகொள்வதிலேயே செலவாகிவிட்டது. எங்கே நிற்பது, கால் வைத்தால் வழுக்குமா, அந்தச் சத்தம் என்ன, எப்போது சாப்பாடு? இவற்றுக்கெல்லாம் பதில் தெரிந்த பிறகுதான் மனம் நாரையின் அலகுக்கு வரும். ‘கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், எதையும் கவனிக்கவில்லை’ என்று ஆசிரியர் அலுத்துக்கொள்ளும் அந்த முதல் அரை மணியில் பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் கவனிப்பது நம் பாடத்தை அல்ல, அவ்வளவுதான்.

இஸ்ரேலில் நிர் ஓரியன், அவி ஹோப்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-ல் இந்தப் புதுமையை மூன்றாகப் பிரித்தார்கள். பாடம் புதிது. இடம் புதிது. அன்று என்ன நடக்கப் போகிறது என்பதும் புதிது. மூன்றையும் கிளம்பும் முன்பே குறைத்துவிட்டால் களத்தில் கற்பது கூடும்.

நம் பள்ளிகளில் முதலாவதை மட்டும் செய்கிறோம், அதுவும் அரைகுறையாக. இரண்டாவதற்கு ஒரு கரும்பலகை வரைபடம் போதும்: பேருந்து நிற்கும் இடம், கழிவறை, கரைப்பாதை, பறவை பார்க்கும் கோபுரம், சாப்பிடும் மரநிழல். மூன்றாவதற்கு நேர அட்டவணையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட வேண்டும். ‘எப்ப சார் சாப்பாடு?’ என்று நாற்பது பேர் நாற்பது தடவை கேட்பது பசியால் மட்டும் அல்ல, அன்றைய நாளின் வடிவம் கையில் இல்லாததாலும்தான்.

அப்படியும் முதல் பதினைந்து நிமிடத்தை எந்த வேலையும் கொடுக்காமல் விட்டுவிடுவது நல்லது. பார்க்கட்டும், கத்தட்டும், விரலை நீட்டட்டும். அதற்குப் பிறகு தாளைக் கொடுங்கள்.

வேடந்தாங்கலுக்குப் போவதென்றால்

ஏழாம் வகுப்பு, 40 பிள்ளைகள், சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மாதம். பறவைகள் நவம்பர் முதல் மார்ச் வரை இருக்கும். டிசம்பரில் கூடு கட்டும் வேலை மும்முரமாக நடக்கும். ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும் குஞ்சுகளைப் பார்க்கலாம், ஆண்டுத் தேர்வும் அதற்குள் வந்திருக்காது. பொங்கல் விடுமுறையை ஒட்டிய நாட்களையும் சனி, ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள், கரைப்பாதையில் நிற்க இடம் இருக்காது. வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி நிறையாத ஆண்டில் பறவைகள் குறைவாகத்தான் வரும். ஆகவே பேருந்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வனத்துறையிடம் தண்ணீர் நிலவரத்தைக் கேட்டுவிட வேண்டும். பள்ளியின் பெயரில் முன்கூட்டியே கடிதமும் கொடுத்துவைப்பது நல்லது.

அடுத்து நேரம். நண்பகலில் போய் இறங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வெயில் கண்ணைக் கூசும், பல பறவைகள் இரைக்குப் போயிருக்கும், இருப்பவை அசையாமல் உட்கார்ந்திருக்கும். மாலையில் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் காட்சி அழகுதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் இருட்டில் நெடுஞ்சாலைப் பயணம். காலை 6 மணிக்குப் புறப்பட்டு, 8 மணிக்கு இறங்கி, வழியிலோ அங்கேயோ சிற்றுண்டியை முடித்து, 8.30 முதல் 10.30 வரை கரையில் இருப்பதுதான் பள்ளிக்குச் சரிப்படும்.

கேள்வி ஒன்றே ஒன்று போதும்: ஒரே மரத்தில் நான்கைந்து வகைப் பறவைகள் கூடு கட்டியிருக்கின்றன, இவை இரைக்கு அடித்துக்கொள்ளாமல் எப்படிப் பிழைக்கின்றன? பதிலில் பாதி அலகிலேயே இருக்கிறது. கூழைக்கடாவின் பையும், கரண்டிவாயனின் தட்டையான நுனியும், பாம்புத்தாராவின் ஈட்டி அலகும், அரிவாள் மூக்கனின் வளைவும் ஒவ்வொரு விதமான இரைக்கானவை. மீதிப் பாதி பறவைகள் வந்து இறங்கும் திசையில் இருக்கிறது. இந்த ஏரி பெரிய பரப்பு அல்ல, சுமார் 30 ஹெக்டேர்தான். இத்தனை வயிறுகளுக்கும் இங்கேயே தீனி கிடையாது. சுற்றியுள்ள வயல்களுக்கும் ஏரிகளுக்கும் போய்த்தான் இரை தேடுகின்றன. சரணாலயத்தின் வேலி சரணாலயத்தைக் காப்பாற்றப் போதாது என்பதைப் பிள்ளைகள் தாங்களே எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம்.

எண்ணுவது எப்படி? பத்துப் பேர் கொண்ட நான்கு குழு, குழுவுக்கு ஒரு பெரியவர், ஒரு மரம். பத்து நிமிடம் அந்த மரத்தை மட்டும் பார்க்க வேண்டும். வந்து இறங்கும் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு கோடு. எந்தத் திசையிலிருந்து வந்தது, வாயில் குச்சி இருந்ததா, கூடு மரத்தின் உச்சியிலா நடுவிலா என்று மூன்று கட்டம். கடைசியில் ஒரு அலகைப் படமாக வரைய வேண்டும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, ‘மஞ்சள் மூக்கு, சிவந்த முகம்’ என்று எழுதினால் போதும். அது சங்குவளை நாரை என்று வகுப்பில் வந்து கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

இந்தத் தாள் அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. இருபது கேள்வி அடித்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது எல்லா அருங்காட்சியகத்திலும் தெரிந்த கதை: பிள்ளைகள் பொருளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தகவல் பலகையைக் காப்பியடிப்பார்கள். பலகையில் பதில் இருக்கும் கேள்வியைத் தாளில் போடவே கூடாது.

கரைப்பாதையில் நாற்பது பேரையும் ஒரே வரிசையில் நடத்திக்கொண்டு ஆசிரியர் முன்னால் நின்று விளக்கினால், பின்னால் இருக்கும் முப்பது பேருக்கு ஒன்றும் கேட்காது. விளக்கமெல்லாம் முதல் நாளே வகுப்பில் முடிந்திருக்க வேண்டும். கரையில் விசில் அடிக்கக் கூடாது. கை உயர்த்தினால் பேச்சு நிற்க வேண்டும் என்று பள்ளியிலேயே பழக்கிவிடுங்கள்.

இருநோக்கி (பைனாகுலர்) ஐந்து பேருக்கு ஒன்று வேண்டும். 8 மடங்கு பெருக்கிக் காட்டும் 8×42 வகை போதும். 10 மடங்கு பெருக்கிக் காட்டுவது சின்னக் கைகளில் ஆடிக்கொண்டே இருக்கும். ‘ஒண்ணுமே தெரியல மிஸ்’ என்று வரும் பிள்ளை பெரும்பாலும் கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடியிருக்கும். முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பார்த்து, பார்வையை நகர்த்தாமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். பள்ளி மைதானத்தில் ஒரு தென்னை மரத்தைக் குறி வைத்துப் பத்து நிமிடம் பழகினால் வந்துவிடும். கண்ணாடி போட்ட பிள்ளை கண்ணருகே உள்ள ரப்பர் வளையத்தை உள்ளே மடக்கிக்கொள்ள வேண்டும். சூரியனை மட்டும் அதன் வழியாகப் பார்க்கவே கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், பார்வையே போகும்.

நேரம் இருந்தால் ஊர்க்காரர் ஒருவரோடு கால் மணி நேரம் பேச வைக்கலாம். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது, அது பயிருக்கு உரம். அதனால் இங்கே பறவையைக் காப்பது விவசாயத்தின் ஒரு பகுதி. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் முறையிட, 1798-ல் அன்றைய ஆட்சியர் லயோனல் பிளேஸ் அவர்களுடைய பாதுகாப்பு உரிமையை ஏற்று உத்தரவு கொடுத்தார். சமூக அறிவியல் ஆசிரியரும் கூட வருவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

முன்னோட்டமும் சில கணக்குகளும்

பொறுப்பாசிரியர் ஒருவராவது முன்பே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். போகப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில். கிழமை முக்கியம்: எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய்க்கிழமை. மூடிய கதவின் முன்னால் பேருந்தோடு நிற்கும் பள்ளிகள் ஆண்டுதோறும் உண்டு.

முன்னோட்டத்தில் எண்ண வேண்டிய முதல் விஷயம் கழிவறை. 24 பெண் பிள்ளைகள், இரண்டு கழிவறை, ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் 36 நிமிடம். இதைத் திட்டத்தில் போடாவிட்டால், கரையில் இருக்க வேண்டிய இரண்டு மணி நேரத்திலிருந்துதான் போகும். குழு குழுவாக அனுப்புங்கள். குடிதண்ணீர் எங்கே, அருகில் உள்ள அரசு மருத்துவமனை எது, கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கிறதா என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம்.

பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது நடைமுறையில் சமாளிக்கக்கூடிய கணக்கு. ஐந்தாம் வகுப்புக்குக் கீழே என்றால் ஆறேழு பேருக்கு ஒருவர் வேண்டும். பெண் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியை கட்டாயம். தலையை எண்ணுவதைவிட எண் சொல்ல வைப்பது நம்பகமானது: 1 முதல் 40 வரை ஆளுக்கு ஓர் எண், பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் வரிசையாகச் சொல்ல வேண்டும். 17 வராவிட்டால் யாரைக் காணோம் என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். தலையை மட்டும் எண்ணி ஒன்று குறைந்தால் யார் என்று தேடவே ஐந்து நிமிடம் ஆகும்.

ஆறு, கடல், அணை, அருவி உள்ள இடங்களில் தண்ணீரில் கால் நனைப்பதற்கும் அனுமதி கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘முழங்கால் வரைக்கும் மட்டும்’ என்ற சலுகையில்தான் விபத்து தொடங்குகிறது. மணல் அள்ளிய பள்ளம் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. பேருந்தின் தகுதிச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் மூன்றையும் பார்த்துவிட்டு, அவர் முந்தின இரவு வேறு வண்டி ஓட்டினாரா என்றும் கேட்டுவிடுங்கள். கேட்கச் சங்கடமான கேள்விதான், ஆனாலும் கேட்டாக வேண்டும்.

சாப்பாட்டில் தேங்காய்ச் சட்னியும் தேங்காய்ச் சாதமும் வேண்டாம், மதியத்துக்குள் கெட்டுவிடும். புளிசாதம், எலுமிச்சைச் சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி தாங்கும். சுடச்சுடக் கட்டினால் உள்ளே வியர்த்து ஊசிப்போகும், ஆறவிட்டுத்தான் கட்ட வேண்டும். பேருந்தில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளின் பெயரை முதல் நாளே வாங்கி, முன் இருக்கைகளை அவர்களுக்கு ஒதுக்குங்கள். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது, இரண்டு இட்லி போதும். இழுப்பு, வலிப்பு உள்ள பிள்ளைகளின் மருந்து அவர்கள் குழுவோடு போகும் பெரியவரின் பையில் இருக்க வேண்டும். பேருந்திலேயே வைத்துவிட்டுப் போனால் பயனில்லை.

பணம் இல்லாதவர்களுக்கு

கட்டணம் அறிவித்த மறுநாள் சில பிள்ளைகளுக்கு ‘ஊருக்குப் போகிறோம், வர முடியாது’ என்று காரணம் வரும். அதில் பல பணக் காரணம்தான், வெளியில் சொல்லமாட்டார்கள். ஆண்டுக்கு ஒரு தொலைதூரப் பயணத்தைவிட, நடந்து போய் வரக்கூடிய மூன்று பயணம் இந்தச் சிக்கலையும் தீர்க்கும், புதுமைச் சிக்கலையும் தீர்க்கும்.

தெருமுனை அஞ்சலகம் நல்ல தொடக்கம். 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த ஆறிலக்க அஞ்சல் குறியீட்டில் முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பகுதி, முதல் மூன்றும் சேர்ந்து கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தைக் குறிக்கும். பிள்ளைகள் தங்கள் வீட்டு முகவரிக்கே ஆளுக்கொரு அஞ்சலட்டை எழுதிப் போடட்டும். பாதிப் பேர் குறியீட்டைச் சரியாக எழுதி, பாதிப் பேர் எழுதாமல் விட்டால் எது முதலில் வருகிறது என்று முத்திரைத் தேதியை வைத்துப் பார்த்துவிடலாம்.

ரயில் நிலையமும் அப்படித்தான். மஞ்சள் பெயர்ப்பலகையின் அடியில் கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கும். தினமும் அதன் முன்னால் நிற்கிறோம், யாரும் படிப்பதில்லை. மேட்டுப்பாளையத்தில் சுமார் 326 மீட்டரில் கிளம்பும் மலை ரயில், நீலகிரியில் 2,203 மீட்டர் வரை ஏறுகிறது. உங்கள் ஊரும் அடுத்த இரண்டு நிலையங்களும் எவ்வளவு என்று குறித்தால் ஒரு சரிவுக் கோடு வரைந்துவிடலாம். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது அந்தக் கோட்டிலேயே தெரியும்.

திரும்பி வந்த பிறகு

மூன்று நாளுக்குள் ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும், அதற்கு மேல் தள்ளினால் சூடு ஆறிவிடும். ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். ‘காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், பேருந்தில் ஏறினேன்’ என்று நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரை வரும், பறவை கடைசிப் பத்தியில்தான் வரும். அதற்குப் பதிலாக நான்கு குழுவின் கோடுகளையும் பலகையில் ஒரே அட்டவணையாக எழுதுங்கள். ஒரு குழு 12 என்றும் இன்னொரு குழு 31 என்றும் சொல்லும். ஏன் இந்த வித்தியாசம்? மரம் வேறா, நேரம் வேறா, எண்ணியது தப்பா? அறிவியல் முறை என்று மேல் வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பதைப் பிள்ளைகள் ஏழிலேயே சண்டை போட்டுக் கற்றுக்கொள்வார்கள்.

அன்று வர முடியாத பிள்ளைகளை இந்த அட்டவணைக்கு நடுவர்களாக உட்கார வைக்கலாம். பார்க்காதவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டியிருப்பதால் பார்த்தவர்களும் ஒழுங்காக யோசிப்பார்கள்.

ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், மதிப்பெண் இல்லாமல், ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து இரண்டு அலகு வரைந்து அது எதைத் தின்னும் என்று எழுதச் சொல்லுங்கள். பலரும் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்தப் பகுதிக்குக் களத்தில் நேரம் போதவில்லை என்று அர்த்தம். அடுத்த ஆண்டுத் தாளில் மாற்ற வேண்டியதை அங்கேயே பென்சிலால் குறித்து, பேருந்துக்காரரின் தொலைபேசி எண்ணும், கழிவறைக் கணக்கும் இருக்கும் அதே கோப்பில் வைத்துவிடுங்கள்.